'கலப்பினமாதல்' சரியா வருமா?

ஐயா, ரெண்டு இனம் கலந்து அதுலயிருந்து ஒரு புது சிற்றினமே (species) உருவாகுறதுக்கு, அதாவது hybrid speciation-க்கு, தமிழ்ல நீங்க சொன்ன 'கலப்பினமாதல்' காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா கலப்பினம்னாலே நம்ம சேலத்துல விதைக்கடைத் தக்காளியும் கலப்பினப் பசுவும்தான் ஞாபகம் வரும். கோவேறு கழுதையும் கலப்பினம்தானே, குதிரைக்கு 64 குரோமோசோம் (மரபணுவைத் தாங்குற இழை), கழுதைக்கு 62, குட்டிக்கு 63, ஒழுங்கா ஜோடி சேராததால வம்சம் அதோட நின்னுடுது. கலந்தாச்சு, ஆனா புது சிற்றினம் ஆகலையே.

இன்னொருத்தர் இதுக்கு 'ஒட்டினம்'னு வைக்கலாமான்னு கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாங்க. இங்க மாங்கன்னு விக்கிறவங்ககிட்ட ஒட்டுன்னா நாட்டுக் கன்னுல மல்கோவா குச்சிய சேத்துக் கட்டுறது, அதுல மரபணு எதுவும் கலக்காது, விதைக்கடைக்காரர் வேற ஹைப்ரிட்டையும் ஒட்டு ரகம்னே சொல்லுவார்.

எனக்கு ஏற்காட்டுக் காபிதான் சரியான உதாரணமா படுது. சில்வர் ஓக் நிழல்ல நிக்குதே அராபிகா, அதுவே ஆப்பிரிக்கக் காட்டுல ரொபஸ்டாவும் யூஜினியாய்டிஸ்னு இன்னொரு காபிச் செடியும் தானா கலந்து வந்ததுதான், யாரும் பண்ணையில உக்காந்து பண்ணல. தாய் தகப்பன் ரெண்டுக்கும் தலா 22 குரோமோசோம், அராபிகாவுக்கு 44, அதாவது ரெண்டு பக்கத்து செட்டும் முழுசா இரட்டிச்சு நிக்குது, அதனால ஒவ்வொண்ணுக்கும் ஜோடி கிடைச்சு விதை பிடிக்குது. இப்ப அதையே திரும்ப ரொபஸ்டாவோட சேத்தா பிறக்கிற செடிக்கு 33 வரும், பெரும்பாலும் மலடு. பெத்தவங்களோடயே சேர்ந்து இனி லேசுல வம்சம் வளர்க்க முடியாத அளவுக்குப் பிரிஞ்சாச்சு, நம்ம சொல்லுல இந்தப் பிரிவு தெரியணும்ங்கிறதுதான் என் கட்சி.

அதுக்காக, குரோமோசோம் செட் இப்படிப் பெருகுறதைச் சொல்ற 'பன்மடி'ங்கிற வார்த்தைய உள்ள நுழைக்கவும் கூடாது. அமெரிக்காவுல மணல்மேட்டுல வளர்ற ஒரு காட்டுச் சூரியகாந்தி ரெண்டு இனம் கலந்து வந்ததுதான், பெத்தவங்களுக்கும் 34, அதுக்கும் 34, இரட்டிப்பே இல்ல. வாழுற இடம் மாறினதும் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி அடுக்கினதும்தான் அதைப் பிரிச்சு வச்சிருக்கு.

அதனால பாடப்புத்தகத்துக்கு 'கலப்புவழிச் சிற்றினமாதல்', பேச்சுக்குக் 'கலந்துபிரிதல்'. வீட்டுல சொன்னேன், விவாகரத்து கேஸ் மாதிரி இருக்குன்னு சிரிச்சாங்க, சிரிக்கட்டும், வாக்கியத்துல வச்சுப் பாருங்க: 'அராபிகா ஒரு கலந்துபிரிந்த சிற்றினம்.' உக்காருதா இல்லையா?

ஒரே சந்தேகம், இதைச் சேத்து எழுதறதா பிரிச்சு எழுதறதா? பிரிச்சா ரெண்டு வினைன்னு படிச்சிடுவாங்களோன்னு இருக்கு, இலக்கணம் தெரிஞ்ச அம்மா யாராவது சொல்லுங்க.