மொனேரோ கிரிப்டோ நாணய நோடு நடத்துபவர்களிடம் ஒரு உதவி: ரீஆர்க் எச்சரிக்கை

2025 செப்டம்பரில் க்யூபிக் என்ற மைனிங் பூல் மறைத்துத் தோண்டிய சங்கிலியை வெளியிட்டு, ஏற்கெனவே பதிவான 18 பிளாக்குகளைப் புரட்டியது (இதுதான் ரீஆர்க்) நினைவிருக்கும். வந்த பணத்தைச் செலவழிக்க மொனேரோ வைத்திருக்கும் 10 பிளாக் பூட்டையும் தாண்டிய ஆழம் அது. இதற்கு மொத்த ஹாஷ்ரேட்டில் (தோண்டும் கணினித் திறனில்) 51 சதவீதம் தேவையில்லை. அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே பிளாக்கை மறைத்துத் தோண்டுவது லாபம், மீதி அதிர்ஷ்டம்.

கடைகளுக்குப் பணம் வாங்கும் நோடு இது. கன்ஃபர்மேஷனை, அதாவது பணம் உறுதி என ஏற்கும் முன் காத்திருக்கும் பிளாக் எண்ணிக்கையை, 10இலிருந்து 30க்கு, அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு, உயர்த்தியாயிற்று. சரியான சங்கிலி எது என டிஎன்எஸ் பதிவுகளில் குறித்துவைக்கும் செக்பாயின்டைக் கட்டாயமாக்கும் தேர்வையும் போடலாமா என்பதுதான் குழப்பம். அது இல்லாவிட்டால் நோடு மென்பொருளான மொனேரோடி எச்சரிப்பதோடு நின்றுவிடும். போட்டு, பெரும்பாலான மைனர்கள் போடாவிட்டால், நம் நோடு மட்டும் தனிக் கிளையில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பதிவுகள் சிலர் கையில் இருப்பதும் உறுத்துகிறது.

மாற்றுச் சங்கிலிகளை நோடின் ஆர்பிசி இடைமுகம் வழியாக நிமிடத்துக்கொரு முறை பார்க்கிறோம். ஆனால் மறைத்த சங்கிலி வெளியான பிறகே அதில் தெரியும். அநாதை பிளாக்குகள் (சங்கிலியில் சேராமல் தள்ளப்பட்டவை) திடீரெனக் கூடுவது முன்கூட்டிக் கிடைக்கக்கூடிய ஓர் அறிகுறி.

அதை அளந்து, வரம்பு மீறினால் பணம் ஏற்பதைத் தானாக நிறுத்தும் ஸ்கிரிப்ட் யாரிடமாவது உண்டா? 100 பிளாக்கில் எத்தனை அநாதைகள் வந்தால் நிறுத்துகிறீர்கள்?