ரிவெட்டின் வால் ஒரு பக்கம் சாய்கிறது, ஏன்?

கேள்வி: ஆர்வி வகை விமானத்தின் (பாகங்களாக வாங்கி நாமே கட்டும் சிறு விமானம்) பின்பகுதி. 0.032 அங்குலத் தகடு இரண்டு, ஏஎன்470ஏடி4-5 ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி; 4 என்றால் விட்டம் 4/32 அங்குலம், 5 என்றால் நீளம் 5/16 அங்குலம்), நம்பர் 30 டிரில்லில் போட்ட துளை. அடித்தால் ரிவெட்டின் வால், அதாவது மறுபக்கம் பருக்க வேண்டிய முனை, வாழைப்பூ மாதிரி சாய்ந்து மடிகிறது. காரணம் ரிவெட் துப்பாக்கியின் காற்றழுத்தமா, மறுபக்கம் அண்டை கொடுக்கும் இரும்புக்கட்டையான பக்கிங் பாரா?

பதில் 1: முதலில் நீளத்தைப் பாருங்க. இரண்டு தகடும் சேர்ந்து 0.064, கூட ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கு 0.1875, மொத்தம் 0.2515 அங்குலம். கால் அங்குலம், அதாவது 4-4 போதும். நீங்க போட்டது 1/16 அங்குலம் அதிகம். ரிவெட்டின் தண்டு நீளமாக இருந்தால் பருக்கும் முன்பே வளையும்.

பதில் 2: நீளம் சரியானாலும் பார் செங்குத்தாக உட்காராவிட்டால் சாயும். துப்பாக்கிக்காரர் அவசரப்படக் கூடாது. பார் பிடிப்பவர் சொன்ன பிறகே விசை. அடித்த வால் 3/16 அங்குல அகலம், 1/16 அங்குல உயரம் வரணும். கேஜ் (அளவுகோல்) வைத்துப் பாருங்க, கண்ணை நம்பாதீங்க. தகடுகளுக்கு நடுவே பிசிறு இருந்தால் ரிவெட் அங்கேயே உப்பிவிடும்; அது வெளியே தெரியாது.

கேள்வி: சாய்ந்ததை எப்படி எடுப்பது?

பதில் 1: ரிவெட் தலையின் நடுவில் சின்னக் குழி இருக்கும், அதில் நம்பர் 40 டிரில்லை நிறுத்தி தலை ஆழம் மட்டும் துளையுங்க. அந்தத் துளையில் பஞ்ச் (இரும்புக் குச்சி) விட்டு நெம்பினால் தலை ஒடியும். பின்னால் மரக்கட்டை அண்டை கொடுத்து, மிச்சமுள்ள தண்டைத் தட்டி வெளியேற்றுங்க. அண்டை இல்லாமல் தட்டினால் தகடு குழிந்துவிடும்.