டேட்டாபேஸில் பயன்பாடு பூஜ்யம் என்று காட்டிய இண்டெக்ஸை டிராப் பண்ணி (நீக்கி) மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

பாயான் லெப்பாஸ்காரன்:

என் கதையை முதலில் சொல்கிறேன். பினாங்கில் ஒரு தொழிற்சாலையின் சம்பள சிஸ்டம், டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் 5.7. மாதக் கடைசியில் சம்பளம் ஓட்டினால் ஒரே டேபிளில் எழுதுவதற்கு விடியும்வரை இழுக்கும். பார்த்தால் அந்த டேபிளில் 11 இண்டெக்ஸ், அதாவது தேடலை வேகமாக்கும் பட்டியல்கள். ஒரு வரியைச் சேர்த்தால் பதினொன்றிலும் எழுதியாக வேண்டும், பின்னே எப்படி ஓடும்?

நவம்பரில், பயன்படாத இண்டெக்ஸ்களைக் காட்டும் வியூவை (டேட்டாபேஸே தரும் பட்டியலை) திறந்தேன். நான்கு பெயர்கள் வந்தன. டிராப் இண்டெக்ஸ், நான்கு தடவை. முடிந்தது. அந்த மாதச் சம்பளம் நள்ளிரவுக்கு முன்பே முடிந்துவிட்டது, மாமாக் கடையில் எல்லோருக்கும் தே தாரிக் என் செலவு.

அப்புறம் பிப்ரவரி. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறி இறங்கிய கால்வலி போகவில்லை, எச்ஆர் அக்கா போன் பண்ணுகிறார்: "தம்பி, இ.ஏ. பாரம் எடுக்க முடியலையே!" அது ஊழியரின் வருடச் சம்பளக் கணக்கு, வருமான வரிக்கு வேண்டும். மாதம் முடிவதற்குள் எல்லா ஊழியருக்கும் அந்தப் பாரத்தைக் கொடுத்தாக வேண்டும். மெதுவாக வருகிறதோ என்று பார்த்தால், வரவே இல்லை. பிழை எண் 1176, அந்தப் பெயரில் கீ (இண்டெக்ஸ்) இல்லை என்கிறது. முன்பு வேலை பார்த்த யாரோ அந்த ரிப்போர்ட்டின் குவெரியில் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளையில்) ஃபோர்ஸ் இண்டெக்ஸ், அதாவது இந்த இண்டெக்ஸைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று போட்டு, நான் தூக்கியதில் ஒன்றின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் ஓடும் குவெரி. அந்த வியூவின் கணக்கோ சர்வர் கடைசியாக ரீஸ்டார்ட் ஆன நாளிலிருந்துதான். எங்கள் சர்வர் ரீஸ்டார்ட் ஆனது செப்டம்பரில். பூஜ்யம் காட்டாமல் என்ன செய்யும்?

பெயர் பிழைச் செய்தியிலேயே இருந்தது. எந்தக் காலம்கள், எந்த வரிசை என்பதை நான் எங்கும் குறித்து வைக்கவில்லை, மடத்தனம். பழைய பேக்கப் டம்ப்பை (டேட்டாபேஸின் நகல் ஃபைலை) திறந்து, டேபிளை உருவாக்கும் கிரியேட் டேபிள் வரியைத் தேடி எடுத்து இண்டெக்ஸைத் திரும்பக் கட்டினேன்.

செந்தூல்வாசி:

எனக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். கோலாலம்பூரில் பட்டப்பகல் 11 மணிக்கு, "இண்டெக்ஸ்தானே" என்று சாதாரண டிராப் இண்டெக்ஸ் கொடுத்தேன். யாரோ ஒருவருடைய நீண்ட ரிப்போர்ட் அதே டேபிளைப் படித்துக்கொண்டிருந்தது. டிராப்புக்கு முழு டேபிளின் லாக் (பூட்டு) வேண்டும், அதனால் அது காத்திருந்தது. அதற்குப் பின்னால் வந்த சின்னச் சின்ன செலெக்ட் (படிக்கும் குவெரி) எல்லாம் அதன் முதுகில் வரிசை கட்டி நின்றன. நான் கேன்சல் அடிக்கும் வரை ஆபீஸே ஸ்தம்பித்தது. இப்போது மற்ற குவெரிகளை மறிக்காமல் நீக்கும் கன்கரன்ட்லி சேர்த்துத்தான் கொடுப்பேன், 9.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது, பாதியில் நின்றால் இண்டெக்ஸ் செல்லாத நிலையில் கிடக்கும், திரும்பவும் டிராப் பண்ண வேண்டும். அது பரவாயில்லை.

இன்னொன்று: ரெப்ளிகாவில் (நகல் சர்வரில்) ஓடும் குவெரிகள் பிரைமரியின் (மூல சர்வரின்) கணக்கில் வராது. இரண்டிலும் பாருங்கள்.

பட்டர்வொர்த் ஃபெரி:

அண்ணே, மைஎஸ்கியூஎல் 8.0 வந்த பிறகு இந்தத் தலைவலி குறைந்ததே. முதலில் இண்டெக்ஸை இன்விசிபிள் ஆக்கிவிட்டு, அதாவது குவெரிகள் பயன்படுத்தாதபடி மறைத்துவிட்டு, ஒரு வருடம் விடுங்கள். எழுதும்போது அது அப்டேட் ஆகிக்கொண்டேதான் இருக்கும், அதனால் எழுதும் வேகம் அதிகரிக்காது. ஆனால் பிரச்சினை வந்தால் ஒரே வரியில் திரும்ப விசிபிள். எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸில் டிசேபிள் உண்டு, ஆனால் திரும்ப வேண்டுமென்றால் ரீபில்ட், இண்டெக்ஸை மறுபடி முழுதாகக் கட்ட வேண்டும். டேபிளின் வரிகளையே தன்னுள் வைத்திருக்கும் கிளஸ்டர்ட் இண்டெக்ஸை மட்டும் டிசேபிள் பண்ணிவிடாதீர்கள், டேபிளையே படிக்க முடியாது.

பாயான் லெப்பாஸ்காரன்:

நாங்களும் இப்போது 8.0தான். இன்விசிபிள் ஆக்கினாலும் ஃபோர்ஸ் இண்டெக்ஸ் போட்ட குவெரி பிழைதான் கொடுக்கும், அதனால் எனக்குப் பிப்ரவரி வரை தெரிந்திருக்காது. ஆனால் டம்ப் தோண்டும் வேலை மிச்சமாகியிருக்கும்.

அந்த ஃபோர்ஸ் இண்டெக்ஸ் இன்னும் கோடில் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. எடுத்துவிடலாமா என்றேன். "மார்ச் வரைக்கும் எதையும் தொடாதே தம்பி" என்றார் அக்கா.