தக்காளி, அவரை இலையில் வெள்ளைக் கோடு: எந்தச் செடிக்கெல்லாம் பரவும்?

மொட்டைமாடி_மல்லி (வேளச்சேரி):

எல்லோருக்கும் வணக்கம். மூன்றாவது மாடியில் க்ரோ பேக் வைத்துச் சின்னதாகத் தோட்டம் போட்டிருக்கிறேன். பொங்கலுக்கு அப்புறம் நட்ட தக்காளியில் இப்போது அடி இலை பூராவும் வெள்ளை வெள்ளையாக வளைந்த கோடுகள், கோலம் போடப் பழகுகிற குழந்தை இழுத்துவிட்ட மாதிரி. முதலில் தக்காளியில்தான் இருந்தது, அப்புறம் பக்கத்துப் பந்தலில் அவரை, பீர்க்கு, இப்போது காராமணியிலும் வந்துவிட்டது. இலையின் மேலே தடவினால் ஒன்றும் கையில் வரவில்லை, புழுவும் கண்ணில் படவில்லை. நர்சரியில் கேட்டேன், ஏதோ ஒரு பூச்சிமருந்து கொடுத்தார்கள், அடித்தாகிவிட்டது, கோடு குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. பூச்சியை விரட்டும் என்று சொன்னார்களே என்று சுற்றிலும் செண்டுமல்லி வேறு வைத்திருக்கிறேன்.

இது என்ன பூச்சி, எந்தெந்தச் செடிக்குப் போகும், எதை வைத்தால் இது வராது? எலுமிச்சைத் தொட்டியிலும் கொழுந்தில் இதே மாதிரி கோடு தெரிகிறது, அதுவும் இதுதானா?

பூச்சிப்பித்தன் (தாம்பரம்):

அக்கா, இது இலைத்துளைப்பான் ஈ. சுரங்கப்பூச்சி என்றும் சொல்வார்கள். படம் இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் தக்காளி, அவரை, பீர்க்கு, காராமணி என்று ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் லிரியோமைசா டிரைஃபோலி என்கிற இனம். இதன் உறவுக்கார ஈக்கள் அக்ரோமைசிடே குடும்பத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை ஒரு செடி அல்லது ஒரே வகைச் செடிகள் சிலதோடு நின்றுவிடும். கண்டதையும் தின்கிற கோஷ்டி அந்தக் குடும்பத்திலேயே ரொம்பக் கொஞ்சம், நமக்கு வாய்த்தது அதில் ஒன்று.

புழு ஏன் கையில் வரவில்லை என்றால் அது இலையின் மேலே இல்லை, இலைக்குள்ளே இருக்கிறது. மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் இருக்கிற பச்சையைத் தின்றுகொண்டே போகும், காலியான இடம்தான் வெள்ளைக் கோடு. கோடு ஆரம்பிக்கிற இடத்தில் நூல் மாதிரி மெலிசாகவும் போகப் போக அகலமாகவும் இருக்கும், ஏனென்றால் புழு உள்ளேயே வளர்கிறது. கோட்டுக்குள் கறுப்பாகத் தெரிவது அதன் எச்சம். இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், அகலமான முனையில் மஞ்சளாக இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒன்று நெளியும்.

தாய் ஈ இரண்டு மில்லிமீட்டர்தான், கறுப்பும் மஞ்சளுமாக இருக்கும், கொசுவை விடச் சின்னது. பெண் ஈ பின்பக்கத்து ஊசியால் இலையைக் குத்தி, திரும்பி வந்து அதில் கசிகிற சாற்றைக் குடிக்கும். ஆணுக்குக் குத்த வராது, பெண் குத்திவைத்த ஓட்டையில்தான் அதுவும் குடிக்கும். கோடு வருவதற்கு முன்னாலேயே இலையில் ஊசி குத்தினது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்திருக்குமே, அது இதுதான். அத்தனை புள்ளியிலும் முட்டை இருக்காது, பாதிக்கு மேல் வெறும் சாப்பாட்டுக் குத்து. முட்டை வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து நாளில் பொரியும், புழு ஒரு வாரம் போலத் தின்னும், அப்புறம் இலையில் ஒரு சின்னக் கீறல் போட்டு வெளியே வந்து மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். சென்னை வெயிலில் முட்டையிலிருந்து ஈ வரை இரண்டு, மூன்று வாரத்தில் முடிந்துவிடுகிறது.

இப்போது நர்சரி மருந்துக்கு வருவோம். முட்டை இலைக்குள், புழு இலைக்குள், கூட்டுப்புழு மண்ணில். மேலே பட்டால் மட்டும் கொல்கிற மருந்து எதைப் போய்த் தொடும்? பறக்கிற ஈயைக் கொஞ்சம் தொடும். அதைவிட அதிகமாக இந்தப் புழுவைத் தேடி வருகிற குட்டி ஒட்டுண்ணிக் குளவிகளைத் தொடும். குளவி செத்தால் ஈக்குக் கொண்டாட்டம், மருந்து அடித்த பிறகு கோடு கூடினதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஃபுளோரிடா பக்கம் இந்த ஈ பெரிய தலைவலியாக மாறினதே ஓயாமல் மருந்து அடித்ததால்தான், ஒவ்வொரு மருந்தும் சில வருஷத்திலேயே வேலை செய்யாமல் போனது. அங்கிருந்து சாமந்திக் கன்றுகளோடு உலகம் பூராவும் பயணம், நம் நாட்டில் 1990களின் தொடக்கத்தில் ஹைதராபாத் பக்கம் ஆமணக்கில் கண்ணில் பட்டது.

அம்பத்தூர்_தோட்டம்:

மேலே தம்பி விவரமாகச் சொல்லிவிட்டார், நான் கைவேலையைச் சொல்கிறேன். பெரிய செடி என்றால் பதறாதீர்கள். காயில் இது ஏறாது, அடி இலை நாலு போனால் தக்காளிக்கு ஒன்றும் ஆகாது. நாற்றாக இருக்கும்போது, அதுவும் முதல் இரண்டு விதையிலை மட்டும் இருக்கிற சமயம் வந்தால்தான் கன்று தேறாது. அதனால் நாற்றுத் தட்டை மட்டும் கொசுவலை போட்டு மூடி வையுங்கள், வலைக்கண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குத் தொங்க விடுங்கள், ஈ வந்து ஒட்டும். தூக்கிக் கட்டினால் வீண். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டிக் கொஞ்சம் சோப்புக் கரைசல் விட்டுச் சாயங்காலம் அடிக்கலாம். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். வேம்பின் சத்து இலைக்குள்ளும் கொஞ்சம் இறங்கும், புழு உடனே சாகாது, தோல் உரிக்க முடியாமலும் கூட்டுக்குள்ளிருந்து ஈயாக வெளியே வர முடியாமலும் போகும். அதனால் மறுநாளே பார்த்துவிட்டு பலன் இல்லை என்று எழுத வேண்டாம். அப்புறம் கோடு போட்ட இலையையெல்லாம் கிள்ளி எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள், செடிக்கு அடியிலேயே போட்டால் புழு மண்ணுக்குத்தான் போகும்.

மொட்டைமாடி_மல்லி:

ரொம்ப நன்றி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், சில கோடுகளில் மஞ்சள் புழு தெரிகிறது, பலவற்றில் ஒன்றும் இல்லை, ஒன்றிரண்டில் பழுப்பாகச் சுருங்கிக் கிடக்கிறது. எலுமிச்சையும் செண்டுமல்லியும் பற்றி யாரும் சொல்லவில்லையே? மணத்தக்காளியிலும் கோடு இருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

பூச்சிப்பித்தன்:

எலுமிச்சையில் இருப்பது ஈயே இல்லை அக்கா. அது ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்கிற குட்டி அந்துப்பூச்சியின் புழு. வித்தியாசம் சுலபம்: எலுமிச்சையில் கோடு வெள்ளி மாதிரி மினுங்கும், நடுவில் எச்சம் ஒற்றைக் கறுப்புக் கோடாக ஓடும், கொழுந்து சுருண்டுகொள்ளும், புழு மண்ணுக்கு இறங்காமல் இலை விளிம்பையே மடித்து அதற்குள் கூட்டுப்புழுவாகும். அது எலுமிச்சை, நாரத்தை வகையறாவோடு நிற்கும், தக்காளிக்கு வராது. தக்காளியில் இருப்பது எலுமிச்சைக்கும் போகாது. இரண்டு தொட்டியையும் பக்கத்தில் வைத்ததால் ஒட்டிக்கொண்டது என்று நினைக்க வேண்டாம்.

செண்டுமல்லி பற்றி: வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கு அது உதவும் என்பது வேறு கதை. இந்த ஈக்கு அது விருந்து. சூரியகாந்திக் குடும்பம் என்றால் இதற்கு உயிர், சாமந்தி, ஜெர்பரா, செண்டுமல்லி எல்லாம் அதில் அடக்கம். அது போக பயறு வகை (அவரை, காராமணி, பீன்ஸ்), கத்தரிக் குடும்பம் (தக்காளி, கத்தரி, மிளகாய், உங்கள் மணத்தக்காளி), பூசணிக் குடும்பம் (பீர்க்கு, வெள்ளரி, தர்பூசணி), வெண்டை, பருத்தி, ஆமணக்கு, வெங்காயம் கூட. மொத்தம் 25 தாவரக் குடும்பங்களில் பதிவு இருக்கிறது. ஆகவே எதை வைத்தால் வராது என்று தேடுவதில் பெரிய பிரயோஜனம் இல்லை. பக்கத்து காலி மனையில் ஆமணக்கும் மணத்தக்காளியும் தானாக முளைத்துக் கிடந்தால் போதும், உங்கள் மாடியில் ஒரு செடி இல்லாவிட்டாலும் ஈ அங்கே குடும்பம் நடத்தும்.

பழுப்பாகச் சுருங்கினது நல்ல செய்தி! குளவி வேலையாக இருக்கலாம். டிக்லிஃபஸ், ஹெமிப்டார்செனஸ் மாதிரி குளவிகள் புழுவைக் கொட்டி அசையாமல் ஆக்கிவிட்டுப் பக்கத்திலேயே முட்டை வைக்கும், குளவிக் குஞ்சு வெளியிலிருந்தபடியே புழுவைத் தின்றுவிடும். ஒன்றுமே இல்லாத கோடு என்றால் புழு ஏற்கெனவே இறங்கிப் போய்விட்டது, அந்த இலையைப் பறித்து ஒரு லாபமும் இல்லை, பச்சை மீதி இருந்தால் செடிக்குச் சோறு போடட்டும்.

மதுராந்தகம்_வயல்காடு:

அம்பத்தூர் சார் சொன்ன எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வேன், எல்லா இலையையும் கிள்ளச் சொன்னதை மட்டும் மாட்டேன். கிள்ளி மூட்டை கட்டினால் உள்ளே இருக்கிற குளவியும் சேர்ந்து குப்பைக்குப் போகும். உயிர்ப் புழு இருக்கிற இலையை மட்டும் எடுங்கள். எனக்குத் தெரிந்து நல்ல வழி, பறித்த இலையைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு வாயில் வேட்டித் துணி கட்டி நிழலில் வைப்பது. ஒரு வாரம் பத்து நாளில் உள்ளே மஞ்சள் கறுப்பு ஈ நிறைய பறந்தால் வேப்பங்கொட்டை அடிக்கலாம், பச்சை நீலமாக மினுங்குகிற பொடிக் குளவி நிறைய வந்தால் பாட்டிலைத் தோட்டத்திலேயே திறந்துவிட்டுச் சும்மா இருக்கலாம்.

அம்பத்தூர்_தோட்டம்:

சரி சார், நாற்றுக்கு மட்டும் கிள்ளுவது, பெரிய செடியில் பார்த்துக் கிள்ளுவது என்று வைத்துக்கொள்வோம். நாற்றில் குளவி வரும்வரை காத்திருந்தால் கன்று மிஞ்சாது.

மதுராந்தகம்_வயல்காடு:

அது நியாயம். இன்னொன்று அம்மா, காராமணி சின்னக் கன்றிலேயே இலை மஞ்சளாகிச் சாய்ந்தால் இந்தக் கோட்டின் மேல் பழி போடாதீர்கள். தண்டைத் தரையோடு சேர்த்துக் கீறிப் பாருங்கள். உள்ளே பழுப்பாக இருந்தால் அது தண்டு ஈ, இதே குடும்பம்தான், ஆனால் இலையில் முட்டை வைத்து, புழு காம்பு வழியாகத் தண்டுக்குள் இறங்கிவிடும். அதற்கு இலை கிள்ளுவதும் மஞ்சள் அட்டையும் போதாது, சாய்ந்த கன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தப் பையில் அடுத்த தடவை பயறு வகை வைக்காமல் கீரை விதையுங்கள்.