மோட்டார்ஹோம் வாங்கப் போகிறோம்: கதவு முன்னாலா, நடுவிலா?

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். பழைய டீசல் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கப் பார்க்கிறோம், இன்ஜின் பின்னால் இருக்கும் பெரிய வகை. பிடித்துப்போன இரண்டில் ஒன்றுக்குக் கதவு முன்சக்கரத்துக்கும் முன்னால், டிரைவருக்குப் பக்கத்து சீட்டை ஒட்டி இருக்கிறது. மற்றதற்கு நடுவில்.

முன்கதவு வண்டியில் உள்சுவர் வெட்டுப்படவில்லை. சோபா, சாப்பாட்டு மேசை எல்லாம் ஒரே வரிசையாக நீள்கின்றன, ஸ்லைடும் (வண்டியை நிறுத்தியபின் வெளியே தள்ளி உள்ளிடத்தைப் பெரிதாக்கும் சுவர்ப்பகுதி) பெரிது. அடியில் சாமான் வைக்கும் இடமும் குறையவில்லை. ஆனால் படிக்குழி பக்கத்து சீட்டுக்காரரின் காலடியிலேயே இருக்கிறது. வண்டி ஓடும்போது மேலே மூடி வந்துவிடும், சரி. ஆனால் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த மூடியை நகர்த்த வேண்டும்.

அப்புறம் மழை. வெளிக்கூரைத் துணி கதவுக்குப் பின்னால்தான் விரிகிறது, முன்கதவில் ஏறி இறங்குபவர் நனைவார். நடுக்கதவு அந்தத் துணிக்கு நேர் கீழே வருகிறது.

எனக்குப் பெரிய கவலை அம்மாதான். அவருக்கு முழங்கால் வலி, எங்களோடு மாதக்கணக்கில் தங்குவார். முன்கதவில் ஏறியதும் சீட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே உடம்பைத் திருப்பித்தான் உள்ளே வர முடியும். நடுக்கதவில் நேராக ஏறிவிடலாம். அதனால் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது.

வயதானவர்களோடு பயணம் செய்தவர்கள், உங்களுக்கு எது வசதியாக இருந்தது? நெடுஞ்சாலை வேகத்தில் முன்கதவு வழியாகக் காற்று இரைச்சல் வருகிறதா? நடுக்கதவால் உள்ளே இடம் போனது பிறகு உறுத்தியதா? தயவுசெய்து சொல்லுங்கள்.