குழுவைக் கெடுக்கும் ஆளை எப்படிச் சமாளித்தீர்கள்? உங்கள் அனுபவம்

எங்கள் வாசிப்புக் குழுவில் 14 பேர். அதில் ஒருவர் தொடக்கத்திலிருந்தே இருப்பவர். நிறையப் படித்தவர், கூட்டத்துக்கு இடம் பிடிப்பது முதல் நாற்காலி அடுக்குவது வரை அவர்தான். அதனாலேயே அவர் வாய்க்கு யாரும் எதிர்வாய் பேசுவதில்லை. புதிதாக வருபவர்களை மட்டம் தட்டுவார், நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் ஒரு பெண் இரண்டு பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தார். மூன்றாவது வரியிலேயே இவர் குறுக்கிட்டு, “உச்சரிப்பைச் சரி பண்ணிட்டு அப்புறம் விமர்சனத்துக்கு வரலாமே” என்றார். அந்தப் பெண் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கூட்டம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் வரவில்லை. பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அவரையும் சேர்த்து 9 பேர் இப்படி நின்றிருக்கிறார்கள். எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: வேலை அதிகம்.

தனியாகப் பேசிப் பார்த்தோம், எடுபடவில்லை. ஆளுக்கொரு கதை சொல்லி எங்களுக்குள்ளேயே சிண்டு முடிந்துவிட்டார். பிறகு ஒரு கூட்டத்தில் ஒரு பையனை நக்கலடித்தபோது, “அவர் முடிக்கட்டும் சார், நான் கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றேன். குரல் நடுங்கியது. பின்வரிசையிலிருந்து ஒருவர், “ஆமா, முடிக்கட்டும்” என்றார்.

1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தைக் கேட்டு ஒரு சோதனை நடத்தினார். அறையில் எல்லோரும் ஒரே தவறான பதிலைச் சொன்னால், கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டுப் பலரும் அதையே சொன்னார்கள். ஆனால் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் போதும், அப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. எங்களுக்கு அந்தப் பின்வரிசை “ஆமா”தான் அது. மனிதர் இன்னும் வருகிறார். வாய் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

*

உங்களுக்கு “ஆமா” சொல்ல ஆள் கிடைத்தது. எங்கள் தன்னார்வலர் குழுவில் கிடைக்கவில்லை. ஒருவர் இரவு 11 மணிக்கு மேல் பெண்களுக்கு மட்டும் செய்தி அனுப்புவார். பொறுப்பாளர்களிடம் போனால், “அவர் சுபாவம் அப்படி, நல்ல உழைப்பாளி” என்பார்கள். அதனால் புதிதாக வரும் பெண்களிடம், “அவர்கூடத் தனியா வண்டியில் போகாதே” என்று காதோடு சொல்லிவைப்போம். ஏதோ பெரிய பாதுகாப்பு செய்துவிட்டதாக நினைப்பு. சொல்ல விட்டுப்போன ஒருத்திக்குத்தான் நடக்கக் கூடாதது நடந்தது.

அப்போதும் செயலர் படிப்படியாகப் போகலாம் என்றார். எலினோர் ஆஸ்ட்ரமை மேற்கோள் காட்டினார். 2009-ல் பொருளாதார நோபல் பெற்றவர். பொதுவளங்களைத் தாங்களே காத்துக்கொள்ளும் ஊர்களில் முதல் மீறலுக்குச் சின்ன தண்டனை, தொடர்ந்தால் பெரிது என்ற ஏற்பாடு இருப்பதைக் கண்டவர். சரி, அது பாசனத் தண்ணீரைக் கூடுதலாகத் திருப்பியவனுக்குப் பொருந்தும். இதற்கு என்ன படி, என்ன வரிசை?

செய்திகளைத் தேதியோடு அச்செடுத்து 4 பேர் ஒன்றாகப் போய் உட்கார்ந்தோம். எழுத்தில் பதில் தரும்வரை எழுந்திருக்கவில்லை. அவரை நீக்கினார்கள். அவருக்காகப் பரிந்து ஐந்தாறு பேரும் கிளம்பிப் போனார்கள். குழு சிறுத்துவிட்டதே என்று செயலருக்கு இன்றும் வருத்தம். எனக்கு இல்லை.

*

நான் அந்தப் பக்கத்து ஆள். நாடகக் குழுவில் இருந்தேன். ஒத்திகையில் நான் யார் யாரை என்னென்ன சொன்னேன் என்று ஒரு தோழி எழுதி வைத்து, எல்லோர் முன்பும் வாசித்தாள். முதலில் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். அப்புறம் விளையாட்டுக்குச் சொன்னது என்றேன். கடைசியில், வேவு பார்த்தாயா என்று அவள் மேலேயே பாய்ந்தேன். மூன்றும் பத்து நிமிடத்துக்குள்.

நாலு மாதம் வர வேண்டாம் என்றார்கள். இரண்டு மாதம் அவர்களைத் திட்டிக்கொண்டே கழிந்தது. இப்போது திரும்பப் போகிறேன், ஒளியமைப்பு மட்டும் பார்க்கிறேன். ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவருடைய காட்சிக்கும் விளக்கு போடுவது நான்தான். குறிப்புகளை இன்னொருவர் மூலம் கொடுத்தனுப்புகிறார்.