ரெண்டு சிபியு சர்வர்ல ஒன்ன கழட்டி இன்னொரு சர்வர்ல போடலாமா?

ரேக்_காவல்காரன்:
ஆபீஸ்ல ஒரே மாடல் டூயல் சாக்கெட் சர்வர் (ரெண்டு சிபியு போடலாம்) ரெண்டு இருக்கு. ஒன்னுல ஜியான் ஈ5-2620 வி4 சிபியு ரெண்டு, மொத்தம் 16 கோர், 16 ஜிபி ராம் எட்டு, விண்டோஸ் சர்வர் 2016. சிபியு 15 சதவீதம் தாண்டறதே இல்ல. இன்னொன்னுல அதே சிபியு ஒன்னு தான், லினக்ஸ்ல போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஓடுது, மதியம் ஆனா மூச்சு வாங்குது. இதுல ஒன்ன கழட்டி அதுல போடு, விண்டோஸ் லைசென்ஸும் பாதியாயிடும்ங்கறாரு மேனேஜர். செய்யலாமா?

பழைய_அட்மின்:
லைசென்ஸ் பாதியாகாதுன்னு முதல்ல அவர்கிட்ட சொல்லிடுங்க தம்பி. 2016ல இருந்து கோர் கணக்கு, ஒரு சர்வருக்கு குறைஞ்சது 16 கோருக்கு வாங்கியே ஆகணும், நீங்க 8 கோர் வச்சிருந்தாலும் அதே காசு தான். அப்புறம் சிபியு மட்டும் தனியா வராது, அந்த சாக்கெட்டோட சேர்ந்த ராம் ஸ்லாட்டு, கார்டு சொருகற ஸ்லாட்டுக்குப் போற 40 பிசிஐஇ லேன் எல்லாம் கூடவே செத்துடும். டிஸ்க்கெல்லாம் மாட்டியிருக்கற ரெய்டு கார்டு எந்த சிபியுவோட ஸ்லாட்ல இருக்குன்னு பாத்தீங்களா?

நைட்_ஷிப்ட்:
15 சதவீதம் சராசரி தானே ப்ரோ, மாசக் கடைசில எவ்ளோ போகுது? கழட்டறதுக்கு முன்னாடி விண்டோஸோட எம்எஸ்கான்ஃபிக் (msconfig) செட்டிங்ல பூட் டேப்ல போய் ப்ராசஸர் எண்ணிக்கைய 16ன்னு வச்சு ரீஸ்டார்ட் பண்ணி (ஒரு கோர ரெண்டா காட்டற ஹைப்பர்த்ரெடிங்கால அங்க 32 காட்டும், பயப்படாதீங்க) ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க, ராம் மட்டும் முழுசா இருக்கும் அதனால அது அரைகுறை டெஸ்ட் தான், இருந்தாலும் பரவால்ல.
அந்த லினக்ஸ் சர்வர்ல sar கமாண்ட் போட்டு ஐஓவெயிட், அதாவது சிபியு டிஸ்க்குக்காக சும்மா காத்திருக்கற நேரம், எவ்ளோன்னு பாருங்க. டிஸ்க்குக்காக காத்திருந்தா கோர் சேத்து என்ன புண்ணியம். போஸ்ட்கிரஸ்ல ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு ப்ராசஸ், ஒரே ஒரு ரிப்போர்ட் தான் இழுக்குதுன்னா அதுவும் 9.6க்கு முந்தின வெர்ஷன்னா ஒரு கோர் தான் உழைக்கும்.

பழைய_அட்மின்:
ஆமா. மாத்தறதா இருந்தா கூட நாலு ராமும் அனுப்புங்க, இல்லன்னா புது சிபியு எதுக்கெடுத்தாலும் பக்கத்து வீட்டு மெமரிக்கு ஓடிட்டே இருக்கும். ஹீட்சிங்க் மறக்காதீங்க. காலி சாக்கெட்ல மூடி போடுங்க, பின் (pin) எல்லாம் சாக்கெட்ல தான் இருக்கு, ஒன்னு வளைஞ்சா போர்டே போச்சு.

ரேக்_காவல்காரன்:
இப்ப தான் மேனுவல் எடுத்து பாத்தேன், ரெய்டு கார்டு ரெண்டாவது சிபியு ஸ்லாட்ல தான் இருக்குண்ணே 😅 லினக்ஸ் சர்வர்ல sar போட்டா மதியம் ஐஓவெயிட் 40 சதவீதம். எஸ்எஸ்டிக்கு கொட்டேஷன் கேக்கறேன், சிபியு இருந்த இடத்துலயே இருக்கட்டும்.